வலியைத் தேடிச் செல்லும் மறுவாழ்வு மருத்துவர்

அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் பெயர்ப்பலகையில் ‘பிசியாட்ரிஸ்ட்’ என்னும் சொல்லைக் காண்போர் இருவகையாகப் பிறழ உணர்வதுண்டு. சிலர் அவரை மனநல மருத்துவரான சைக்கியாட்ரிஸ்ட் என்று கருதுவர். சிலர் உடற்பயிற்சி அளிக்கும் பிசியோதெரபிஸ்ட் என்று கருதுவர். அவர் இவ்விருவருள் ஒருவரும் அல்லர். பக்கவாதம், முதுகுத்தண்டுக் காயம், மூளைக் காயம், உறுப்பு நீக்கம், மூட்டு தசை நோய்கள் ஆகியவற்றால் செயலிழந்தோர் மீண்டும் எழுந்து நடக்கவும், உண்ணவும், உடுக்கவும், பணிக்குத் திரும்பவும் வழிகாட்டும் முழுத்தகுதி பெற்ற மருத்துவர் அவர். தமிழில் இத்துறையை ‘மறுவாழ்வு மருத்துவம்’ என வழங்குகிறோம். அச்சொல்லும் இடர் இல்லாததன்று; நம் நாட்டில் ‘மறுவாழ்வு’ என்றதும் போதைப்பழக்கத்திலிருந்து மீள்வோருக்கான இல்லமே பலர் நினைவுக்கு வருகிறது. எனினும், இதனினும் சிறந்த சொல் ஒன்று வழக்கூன்றும்வரை இதனையே இக்கட்டுரையில் ஆள்வோம்.

இம்மருத்துவர் தம் துறைப் பயிற்சியை முடித்த பின்னர், வலி மருத்துவத்தில் மேலும் ஓராண்டு ஃபெல்லோஷிப் எனப்படும் உயர்பயிற்சியை நாடுவது அமெரிக்காவில் இன்று பெருவழக்காகியுள்ளது. அவ்வழி எத்தகையது, அதில் அவர் பெறுவது யாது, இழக்கக்கூடியது யாது என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம். மருத்துவ மாணவர்க்கு மட்டுமே உரிய பொருள் இது என்று ஒதுக்கிவிட இயலாது. பத்தாண்டுகளாக முதுகுவலியோடு வாழும் ஒருவர்க்கு அடுத்து கிடைக்கப்போவது ஊசியா, மாத்திரையா, பயிற்சியா, அறுவையா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அவர் முன் அமர்ந்திருக்கும் மருத்துவர் எங்கே, யாரிடம் பயின்றார் என்பதே.

முதலில் துறையின் வேரைக் காண்போம். ‘பிசியாட்ரிஸ்ட்’ என்னும் பெயரை 1938ஆம் ஆண்டு முன்மொழிந்தவர் ஃபிராங்க் குருசன் என்னும் அமெரிக்க மருத்துவர். இளமையில் காசநோய்க்கு ஆட்பட்டு நெடுநாள் ஓய்வில் இருந்தபோது, மருந்தும் கத்தியும் மட்டும் மனிதனை எழுப்பி நிறுத்திவிடா என்பதைத் தம் உடலிலேயே உணர்ந்தவர் அவர். இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்காக ஹோவர்டு ரஸ்க் வகுத்த மறுவாழ்வுத் திட்டங்கள் இத்துறையின் தேவையை நாடறியச் செய்தன. 1947இல் இதற்கெனத் தனிச் சான்றளிப்பு வாரியம் அமைந்தது. இன்று அமெரிக்காவில் மருத்துவப் பட்டத்திற்குப் பின் நான்காண்டுகள், அதாவது ஓராண்டு பொதுப் பயிற்சியும் மூன்றாண்டு துறைப் பயிற்சியும், கொண்டது இதன் ரெசிடென்சி. அம்மூன்றாண்டில் குறைந்தது பன்னிரண்டு திங்கள் உள்நோயாளிப் பிரிவில் கழிய வேண்டும். நரம்பு தசை மின்னாய்வுகள் 200 செய்து பழகவும் வேண்டும்.

பிற துறை மருத்துவர் “எங்கே நோய்?” என்று கேட்கும் இடத்தில் மறுவாழ்வு மருத்துவர் “இவரால் எது இயலவில்லை?” என்று கேட்கிறார். கேள்வி சிறிது மாறினாலும் மருத்துவம் முழுதும் மாறிவிடுகிறது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் தேய்ந்து காணப்படும் முதுகெலும்பை விட, படியேற முடியாத கால் இவருக்கு முதன்மையானது.

இனி, வலி மருத்துவத்தின் கதைக்கு வருவோம். இதன் தந்தை எனப் போற்றப்படும் ஜான் பொனிகா 1917இல் இத்தாலியின் சிசிலிக்கு அருகிலுள்ள ஃபிலிகூடி என்னும் சிறு தீவில் பிறந்தவர். சிறுவனாக அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்த இவர், மருத்துவம் பயில்வதற்குரிய பணத்தைத் தொழில்முறை மல்யுத்தத்தால் ஈட்டினார். முகமூடி அணிந்தும் களத்தில் இறங்கியவர். அக்களங்கள் அவர் உடலில் விட்டுச் சென்ற காயங்கள் வாழ்நாள் முழுதும் அவருக்கு வலியைத் தந்தன. வலியைப் பற்றி எழுதியவர் பலருண்டு. அதனைச் சுமந்துகொண்டே எழுதியவர் இவர். போர்க்காலத்தில் வாஷிங்டன் மாநிலத்துப் படைமுகாம் மருத்துவமனையொன்றில் மயக்க மருத்துவத்தின் தலைவராகப் பணியாற்றியபோது, காயம் ஆறிய பின்னரும் வலி ஆறாத வீரர்களைக் கண்டார். நரம்பியலார், எலும்பு மருத்துவர், மனநல மருத்துவர் என ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டும் விடை கிட்டவில்லை. எல்லோரையும் ஒரே மேசையில் அமர்த்தியபோதுதான் தெளிவு பிறந்தது. 1953இல் அவர் வெளியிட்ட பெருநூல் இத்துறைக்கு அடித்தளமாயிற்று. பின்னர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நரம்பறுவை மருத்துவர் லோவெல் வைட், செவிலியர் டோரதி கிரௌலி ஆகியோருடன் பல்துறை வலி மருத்துவகம் ஒன்றைத் தோற்றுவித்தார். 1973இல் அவர் கூட்டிய மாநாட்டிலிருந்தே பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் உருவானது.

பொனிகா மயக்க மருத்துவர் என்பதால் இன்றும் அமெரிக்காவின் வலி உயர்பயிற்சி இடங்களுள் பெரும்பாலானவை மயக்கவியல் துறைகளின் கீழ் உள்ளன. ஆனால் அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மறுவாழ்வு மருத்துவத் துறையில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்னும் உளவியலாளர் பணியாற்றினார் என்பது பலரும் கவனியாத செய்தி. இவருடைய சிந்தனை எளியது. வலிக்கிறது என்று சொன்னவுடன் மாத்திரை தருகிறோம். வலித்தவுடன் படுக்கச் சொல்கிறோம். இவ்வாறு மாத்திரையும் ஓய்வும் வலிக்குப் பரிசாகிவிடுகின்றன. உடல் அதனைக் கற்றுக்கொள்கிறது. ஃபோர்டைஸ் இதனைத் தலைகீழாக்கினார். மாத்திரை, வலியைப் பார்த்தன்று, கடிகாரத்தைப் பார்த்துத் தரப்பட்டது. “வலிக்கும்வரை நடங்கள்” என்பதற்கு மாறாக, நோயாளியால் எளிதில் இயலும் அளவிற்குச் சற்றுக் குறைவாக ஒரு கணக்கு குறிக்கப்பட்டது. நாள்தோறும் அக்கணக்கு சிறிது உயர்ந்தது. கணக்கை முடித்ததற்குப் பரிசாகவே ஓய்வு வந்தது. இக்கருத்துகளை விரித்துரைக்கும் அவருடைய நூல் 1976இல் வெளிவந்தது. ஆகவே மறுவாழ்வு மருத்துவர் வலித் துறைக்குள் நுழைவது பிறர் வீட்டிற்கு விருந்தினராகச் செல்வதன்று. அவ்வீட்டின் ஒரு சுவரை எழுப்பியவர்கள் அவருடைய முன்னோரே என்பது எம் துணிபு.

இருப்பினும் வாயில் திறக்கக் காலமாயிற்று. அமெரிக்க மயக்கவியல் வாரியம் 1993இலேயே வலித் துறைக்கான சான்றிதழ்த் தேர்வை நடத்தத் தொடங்கியது. மறுவாழ்வு மருத்துவ வாரியம் அதே சான்றிதழைத் தம் மருத்துவர்க்கு வழங்கும் உரிமையைப் பெற்று, முதல் தேர்வை நடத்தியது 2000ஆம் ஆண்டில். இன்று எத்துறையிலிருந்து வந்தாலும் தேர்வு ஒன்றே. உயர்பயிற்சியின் காலம் பன்னிரண்டு திங்கள். அங்கீகரிக்கப்பட்ட திட்டங்கள் நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்டவை உள்ளன. இடத்தைப் பெறுவது, விண்ணப்பதாரரின் விருப்ப வரிசையையும் பயிற்சியகங்களின் விருப்ப வரிசையையும் கணினி ஒப்பிட்டு இணைக்கும் ‘மேட்ச்’ என்னும் பொருத்த முறையால்.

இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. பயிற்சி முடிந்த பின்னர் அமைதியாக அமர்ந்து முடிவெடுக்க இங்கு நேரமில்லை. இறுதியாண்டு தொடங்குமுன்னரே விண்ணப்ப வேலைகள் தொடங்கிவிடுகின்றன. முதலாண்டு பொதுப் பயிற்சியிலேயே கழிந்துவிடுவதால், விண்ணப்பிக்கும் மாணவர் தம் சொந்தத் துறையையே ஈராண்டுக்குள்தான் கண்டிருப்பார். பக்கவாதப் பிரிவில் தொடங்கி முதுகுத்தண்டுப் பிரிவு வழியாக வெளிநோயாளிப் பிரிவை அவர் எட்டுவதற்குள் கடிதங்கள் கேட்டு அலைய வேண்டிய நிலை வந்துவிடுகிறது. ஆகையால், வலித் துறையை நாடுவோர் இரண்டாம் ஆண்டிலேயே வலி மருத்துவகத்தில் சில வாரங்கள் பணியாற்ற இடம் கேட்டுப் பெறுதல் நன்று. பரிந்துரைக் கடிதம் எழுதுவோருள் ஒருவரேனும் வலி மருத்துவராக இருத்தல் பெரிதும் உதவும். தம் மருத்துவமனையில் அத்தகைய பிரிவே இல்லாதவர்கள் வெளியிடப் பயிற்சிக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிட வேண்டும்.

மயக்கவியல் துறையின் கீழுள்ள ஓர் இடத்தில் மறுவாழ்வு மருத்துவர் நுழையும்போது அவருக்கு எவை குறை? மூச்சுக்குழாய் பொருத்துதல், மயக்க மருந்தின் அளவறிதல், திடீரென இரத்த அழுத்தம் சரியும்போது பதறாமல் செயல்படுதல் ஆகியவற்றில் அவர் கை பழகியதன்று. பயிற்சி விதிகள் இதனை மறைக்கவில்லை. பிற துறையினர் நரம்பூசி ஏற்றல், முகமூடிவழி மூச்சளித்தல், குழாய் பொருத்துதல் போன்றவற்றைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் செய்து காட்ட வேண்டும் என்று அவை வகுத்துள்ளன. அதே விதிகள் மறுபக்கமும் பாய்கின்றன: மயக்க மருத்துவர் நரம்பு, தசை, மூட்டு ஆகியவற்றை முறையாகச் சோதித்துப் பழக வேண்டும், எல்லோரும் மனநிலைச் சோதனையில் தேர்ச்சி பெற வேண்டும். பொனிகாவின் மேசை இன்று விதிப்புத்தகத்தில் இவ்வாறு வாழ்கிறது.

குறையை விட நிறையே மிகுதி. பக்கவாதமுற்றோரின் தோள்வலி, முதுகுத்தண்டு முறிந்தோர்க்குக் காயத்திற்குக் கீழே உணர்ச்சியற்ற பகுதியில் எழும் எரிவலி, வெட்டியெடுக்கப்பட்ட காலில் தோன்றும் வலி ஆகிய அனைத்தையும் அவர் ரெசிடென்சியிலேயே கண்டுவிடுகிறார். நீரிழிவால் கால் இழப்போர் மிகுந்த நம் நாட்டில் இக்கடைசி வலி பலர் வீடுகளுக்கு அறிமுகமானதே. இல்லாத விரல் வலிக்கிறது என்று தந்தை சொல்லும்போது பிள்ளைகள் அவருக்கு மனம் பேதலித்துவிட்டதோ என அஞ்சுகின்றனர். பேதலிப்பு இல்லை, மூளையில் அக்காலுக்குரிய வரைபடம் அழியாமல் இருப்பதே காரணம். 1990களில், தமிழகத்தில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியலாளர் வி. எஸ். இராமச்சந்திரன், இருக்கும் உறுப்பின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டி, இல்லாத உறுப்பை மூளைக்கு ‘அசைத்துக் காட்டும்’ முறையை வகுத்தார். அன்றாட மரவேலைக்கு மேல் செலவில்லாத அக்கண்ணாடிப் பெட்டி இன்றும் மறுவாழ்வுப் பிரிவுகளில் பயன்படுகிறது.

ஊசிக்கலையை இங்குச் சிறிது விரித்துரைப்பது பொருந்தும். ஏனெனில் ஓராண்டில் பெரும்பகுதி அதற்கே செல்கிறது. நாட்பட்ட கீழ்முதுகு வலியில் ஒரு பகுதி, முதுகெலும்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் சிறு மூட்டுகளிலிருந்து எழுவது. அம்மூட்டுகளின் உணர்ச்சியை எடுத்துச் செல்லும் நரம்பிழை மிக மெல்லியது. நேரலை எக்ஸ்-கதிர்க் கருவியின் துணையால் ஊசிமுனையை அந்நரம்பருகே நிறுத்தி, மரத்துப்போகும் மருந்தைச் சிறிதளவு செலுத்துவர். வலி பெரிதும் தணிந்தால், வேறொரு நாளில் மீண்டும் சோதிப்பர். இருமுறையும் தணிந்தால், ஊசிமுனையை வானொலி அலைவெண் மின்னாற்றலால் 80 பாகை செல்சியஸ் அளவிற்குச் சூடேற்றி நரம்பிழையைச் சுடுவர். நரம்பு மீண்டும் வளரும்வரை, பொதுவாகச் சில திங்கள் முதல் ஓராண்டு அளவும், வலி குறைந்திருக்கும்.

இங்கேதான் மறுவாழ்வு மருத்துவரின் கண் வேறுபடுகிறது. அதே நரம்பிழை முதுகெலும்பை நிலைநிறுத்தும் ஆழ்தசை ஒன்றிற்கும் ஆணை கொண்டு செல்கிறது. சுட்டால் வலியோடு அத்தசையின் வலுவிலும் ஒரு பகுதி போகும். எனவே ஊசி போட்டு அனுப்பிவிடுவது பாதி வேலையே. வலி குறைந்திருக்கும் அத்திங்கள்களைப் பயன்படுத்தி முதுகை வலுப்படுத்தவும், நடையைத் திருத்தவும், வேலைக்கு மீளவும் திட்டமிட வேண்டும். அவ்வாறு திட்டமிடாதபோது நோயாளி மறு ஆண்டு அதே ஊசிக்கு அதே வலியோடு வந்து நிற்பார்.

இதனை நாம் வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. அமெரிக்க மருத்துவ முறையில் ஊசி போடுவதற்குக் கிடைக்கும் கட்டணம், நோயாளியோடு ஒரு மணி நேரம் அமர்ந்து பேசுவதற்குக் கிடைப்பதை விட மிகுதி. காப்பீட்டு நிறுவனங்கள் பல்துறை வலித் திட்டங்களுக்குப் பணம் தரத் தயங்கியதால் 1990களிலிருந்து அத்திட்டங்கள் பல மூடப்பட்டன. எஞ்சிய இடைவெளியை ஒருபுறம் ஊசியும், மறுபுறம் ஓபியாய்டு மாத்திரைகளும் நிரப்பின. 1996இல் சந்தைக்கு வந்த ஆக்ஸிகான்டின் என்னும் மாத்திரையின் கதை உலகறிந்தது. 2016இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஓபியாய்டு வழங்கலை மட்டுப்படுத்தும் வழிகாட்டலை வெளியிட்டது. அதனைச் சிலர் இரும்புச் சட்டமாகக் கொண்டு, நெடுநாள் மருந்தில் இருந்தோரைத் திடீரென நிறுத்தியதால் வேறு துயரங்கள் விளைந்தன. 2022இல் அவ்வழிகாட்டல் திருத்தி எழுதப்பட்டது. இத்தகைய களத்தில், நான்காண்டுகள் ‘இயலுமை’யைக் கற்ற ஒருவர் ஓராண்டு ஊசிப் பயிற்சியில் அதனை மறந்துவிடக்கூடும். ஆகவே, பயிற்சியிடம் தேடும் மாணவர் ஆண்டுக்கு எத்தனை ஊசி என்று மட்டும் கேட்டல் போதாது. உளவியலாளர் அங்கு வாரத்தில் எத்தனை நாள் அமர்கிறார், ஓபியாய்டு குறைப்பு எவ்வாறு நடைபெறுகிறது, புற்றுநோய் வலியைக் காண வாய்ப்புண்டா என்பவற்றையும் நேர்காணலில் கேட்டறிய வேண்டும். கேள்விக்கு வரும் விடையை விட, விடை வருமுன் நிலவும் மௌனம் சில வேளைகளில் மிகுதியாக உணர்த்தும்.

இவ்வுயர்பயிற்சி எல்லோர்க்கும் தேவையா எனில், இல்லை. தசை மூட்டு வலிகளை மட்டும் காண விழைவோர்க்கு விளையாட்டு மருத்துவ உயர்பயிற்சி உண்டு. முதுகெலும்பு ஊசிகளில் மட்டும் நாட்டமுடையோர்க்குத் தனிப் பயிற்சிகளும் உள்ளன. தண்டுவடத் தூண்டுகருவி பொருத்துதல், புற்றுநோய் வலி, சிக்கலான வட்டார வலிக்கூட்டு ஆகியவற்றைக் கையாள விரும்புவோர்க்கே வலி உயர்பயிற்சி இன்றியமையாதது.

நம் வட்டாரத்து நிலை சிறிது வேறு. மலாயாப் பல்கலைக்கழகம் மறுவாழ்வு மருத்துவத்தில் நான்காண்டு முதுகலைப் பயிற்சியை வழங்குகிறது. அதனை முடித்தவர் நேரே அமெரிக்க உயர்பயிற்சியில் சேர்வது அரிது. அங்கு அங்கீகரிக்கப்பட்ட ரெசிடென்சியை முடித்திருத்தல் வேண்டும் என்பதே பொது விதி. நமக்கு அண்மையது ஆஸ்திரேலிய நியூசிலாந்து மயக்கவியல் கல்லூரியின் வலி மருத்துவப் புலம். 1998இல் தோன்றிய இப்புலத்தை அமைத்தவர்களுள் மறுவாழ்வு மருத்துவரும் தொடக்கத்திலேயே இடம்பெற்றனர். அங்குப் பயிற்சி குறைந்தது ஈராண்டு. இவ்வோராண்டு வேறுபாடு சிறிதன்று என்றே கருதுகிறோம். மலேசிய சுகாதார அமைச்சு 2008இல் வலியை ஐந்தாம் உயிர்க்குறியாக அறிவித்து, நாடித்துடிப்பு, வெப்பநிலை ஆகியவற்றோடு வலியளவையும் குறித்துவைக்கப் பணித்தது. செலாயாங் மருத்துவமனையில் ‘மெனாங்’ என்னும் பெயரில், ஊசியை முன்னிறுத்தாமல் சிந்தனையையும் செயலையும் பயிற்றுவிக்கும் வலித் திட்டம் ஒன்று நடத்தப்பட்டது. மலாயில் ‘வெற்றி’ எனப் பொருள்படும் அப்பெயருக்குப் பின்னால் ஃபோர்டைஸின் கடிகாரம் ஒலிப்பதை வாசகர்கள் உணரலாம்.

மொழி அவையின் நூலில் இப்பொருள் இடம்பெறுவதற்குரிய காரணம் இனிமேல்தான் வருகிறது. வலியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை கிடையாது. நோயாளியின் சொல்லே சோதனை. 1965இல் பேட்ரிக் வாலுடன் இணைந்து, தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாயிற்கதவு உண்டு என்னும் கோட்பாட்டை வெளியிட்ட ரொனால்டு மெல்சாக், 1975இல் ஆங்கில வலிச் சொற்கள் 78ஐ இருபது தொகுதிகளாக அடுக்கி ‘மெக்கில் வலி வினாப்படிவம்’ என்பதை உருவாக்கினார். பின்னர் பிரான்சில் உருவான குறும்படிவம் ஒன்று, நரம்பு பழுதுற்றதால் எழும் வலியைப் பிரித்தறிய, எரிகிறதா, மின்சாரம் பாய்வதுபோல் உள்ளதா, ஊசி குத்துகிறதா, மரத்துப்போகிறதா, நமைக்கிறதா என்று கேட்கிறது. இவ்விடைகளைப் பொறுத்தே மருந்து மாறும். நரம்பு வலிக்குரிய மாத்திரை வேறு, மூட்டு வலிக்குரியது வேறு.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, இழுப்பு, பிடிப்பு, திமிர், மதமதப்பு, சுரீர் என்றல், விண்விண் என்று தெறித்தல் என ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தைச் சுட்டும். ‘உளைச்சல்’ என்பதோ காலுக்கும் உண்டு, மனத்திற்கும் உண்டு. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் வலியை உடலுணர்வும் மனவுணர்வும் கலந்த அனுபவம் என்று வரையறுத்ததை நம் பாட்டிமார் ஒரே சொல்லில் அடக்கியுள்ளனர். ‘வலி’ என்பதற்குப் பண்டைத் தமிழில் வலிமை என்னும் பொருளே முதன்மையாக இருந்தது என்பதும், திருக்குறளில் ‘வலியறிதல்’ என்னும் அதிகாரம் நோவைப் பற்றியதன்று என்பதும் இங்கு நினைவுக்கு வருகின்றன. அது வேறோர் ஆய்வுக்குரியது.

தோட்டத்தில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர் “ராவானா கால் ரெண்டும் திகுதிகுன்னு எரியுது, அப்புறம் மதமதன்னு கெடக்குது” என்று சொல்வதை உடன்வந்த பேரன் மலாயிலோ ஆங்கிலத்திலோ ‘கால்வலி’ என்று மட்டும் பெயர்த்துச் சொன்னால், மூட்டு வலி மாத்திரையோடு அவர் வீடு திரும்ப நேரும். அவர் சொன்ன இரு சொற்களும் நீரிழிவு நரம்புப் பழுதின் பாடநூல் அடையாளங்கள். வலித் துறையை நாடும் நம் இளம் மருத்துவர்கள், நோயாளி கூறிய சொல்லை அவர் கூறியவாறே கோப்பில் முதலில் எழுதிவிட்டு, அதன்பின் ஆங்கிலப் பெயர்ப்பை எழுதும் பழக்கத்தைப் பயிற்சிக் காலத்திலேயே மேற்கொள்ளலாம். உடன்வரும் உறவினர்களும், சுருக்கிச் சொல்லாமல், கேட்ட சொல்லை முழுமையாகப் பெயர்த்துச் சொல்லலாம்.